ரேஷன் பாமாயிலும் எங்கள் மல்லாட்டையும்: இறக்குமதியை அரசு தடுக்க வேண்டுமா, விட வேண்டுமா?

திண்டிவனத்துக்காரன்

தடையற்ற வர்த்தகம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு கட்சி கட்டிப் பேசி முடித்துவிடுவார்கள், அதனால் ஒரே ஒரு பொருளை வைத்துக் கேட்கிறேன். சமையல் எண்ணெய். இந்தியா சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது, வருடத்துக்குச் சுமார் 160 லட்சம் டன். பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவில் இருந்து. சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலில் இருந்து. சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைனில் இருந்து.

எங்கள் வீட்டில் மார்கழிப் பட்டத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறோம். விதை, களையெடுப்பு, பிடுங்கி ஆயும் கூலி எல்லாம் வருடா வருடம் ஏறுகிறது. இந்த முறை கமிட்டிக்கு (அரசு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்) எடுத்துப் போனபோது 80 கிலோ மூட்டைக்குப் போன பட்டத்தைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைத்துத்தான் கேட்டார்கள். ஏன் என்றால், பாமாயில் மலிவாக இறங்குகிறது, ஆயில் மில்காரர்கள் கை வைக்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று பதில். அதே மாதம் அம்மா ரேஷன் கடையில் 25 ரூபாய் கொடுத்து ஒரு லிட்டர் பாமாயில் வாங்கி வருகிறார். செக்கில் ஆட்டிய எண்ணெயையே மாதம் முழுக்க ஊற்றிச் சமைக்க, கடலை விளைவிக்கும் எங்களுக்கே கட்டுப்படியாகவில்லை.

ஆக, இறக்குமதியை நிறுத்து என்று நான் சொன்னால் எங்கள் வீட்டிலேயே பாதி பேர் வயிற்றில் அடிக்கிற மாதிரி ஆகிறது. நிறுத்தாதே என்றால் மூன்று ஏக்கரையும் மனை போட விற்றுவிடலாம். அரசு என்னதான் செய்ய வேண்டும்? தடையா, வரியா, இல்லை ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் எங்கள் எண்ணெயைக் கொடுக்கச் சொல்வதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணெய் மொத்த வியாபாரி, சென்னை

தம்பி, நான் இந்தத் தொழிலில் 90களில் இருந்து இருக்கிறேன். முதலில் கொஞ்சம் பழைய கதை, அது தெரியாமல் இதைப் பேச முடியாது.

1986இல் எண்ணெய் வித்துகளுக்கு என்று மத்திய அரசு ஒரு தொழில்நுட்ப இயக்கம் ஆரம்பித்தது. நல்ல விதை, ஆதரவு விலை, கொள்முதல் எல்லாம் சேர்ந்து வேலை செய்தது. அதோடு இறக்குமதி முழுக்க அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது, எவ்வளவு வர வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்தார்கள். சுமார் 108 லட்சம் டன்னாக இருந்த எண்ணெய் வித்து உற்பத்தி பத்து வருடத்துக்குள் 210 லட்சம் டன்னைத் தாண்டியது. 90களின் ஆரம்பத்தில் நாம் வெளியில் இருந்து வாங்கியது மிகச் சொற்பம், கிட்டத்தட்டத் தன்னிறைவு. அப்புறம் 1994இல் பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்கலாம் என்று திறந்துவிட்டார்கள், 65% வரியோடு. அடுத்த வருடமே மற்ற எண்ணெய்களையும் திறந்து வரியை 30 ஆக்கினார்கள், அப்புறம் 20, 1998இல் 15. நாலு வருடத்தில் 65இல் இருந்து 15. அந்த வேகத்துக்கு எந்த விவசாயியால் ஈடுகொடுக்க முடியும்?

அதோடு நிற்கவில்லை. 2001இல் கச்சா, அதாவது சுத்திகரிக்காத, பாமாயிலுக்கு 75% வரை ஏற்றினார்கள். 2008இல் விலைவாசி ஏறியதும் கச்சா சமையல் எண்ணெய்க்கு வரியே இல்லை என்றார்கள். 2018இல் மறுபடி 44. 2021 கடைசியில் அடிப்படை வரி மறுபடி பூஜ்யம். 2024 செப்டம்பரில் செஸ் என்கிற கூடுதல் வரி எல்லாம் சேர்த்து 27.5. 2025 மே கடைசியில் 16.5. இந்த எண்களை வரிசையாகப் பாருங்கள். நான் கப்பலில் சரக்கு போட்டுவிட்டு அது கடலில் வந்துகொண்டிருக்கும்போதே வரி மாறியிருக்கிறது. அறிவிப்பு ராத்திரி வரும், காலையில் ஒருத்தன் கோடீஸ்வரன், இன்னொருத்தன் கடனாளி. வியாபாரியான எனக்கே இப்படி என்றால், விதைத்துவிட்டு நாலு மாதம் காத்திருக்கிற ஆளுக்கு?

கவனியுங்கள், 2025 மே கடைசியில் குறைத்தது மானாவாரிக் கடலையும் வடக்கே சோயாவும் விதைப்பதற்குச் சரியாக முந்தைய நேரம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கப் போகிறவனுக்கு அரசு சொன்ன சேதி என்ன? அதனால் என் கருத்து, வரி 15ஆ 30ஆ என்பதைவிட, வைத்ததை அஞ்சு வருடம் வைத்திரு என்பதுதான் முதல் தேவை.

அரசு வரியை வைத்துச் சரியாகச் செய்த ஒரு காரியமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவும் இந்தோனேசியாவும் கச்சா எண்ணெய் வெளியே போனால் அதிக வரி, சுத்திகரித்துப் போனால் குறைந்த வரி என்று வைத்திருக்கிறார்கள், ஆலை வேலை அவர்கள் ஊரிலேயே இருக்கட்டும் என்று. நம் பக்கம் இரண்டுக்கும் வரி வித்தியாசம் சின்னதாக இருந்தால் சுத்திகரித்த எண்ணெயே வந்து இறங்கும், காக்கிநாடா, கிருஷ்ணபட்டினம், சென்னைப் பக்கம் இருக்கிற நம் சுத்திகரிப்பு ஆலைகள் பாக்கெட் போடும் இடமாகிவிடும். 2025இல் கச்சாவுக்கு மட்டும் குறைத்துவிட்டு, சுத்திகரித்ததற்கு 35.75ஐ அப்படியே விட்டார்கள். ஆலைகளுக்கு அது நல்ல முடிவு. ஆனால் விவசாயிக்கு அதில் ஒன்றும் இல்லை.

மதுரை மெஸ்

வியாபாரி அண்ணன் சொல்வது அவர் பக்க நியாயம். வாங்கிச் சமைக்கிறவர்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா, நான் சொல்கிறேன்.

நான் மெஸ் நடத்துகிறேன், காலையில் இட்லி பூரி, மத்தியானம் சாப்பாடு. சாப்பிட வருகிறவர்கள் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள். 2022இல் உக்ரைன் சண்டை வந்து சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்றது, அடுத்த ரெண்டே மாதத்தில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. டின் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது, காசு கையில் வைத்துக்கொண்டு போனாலும் கடைக்காரர் ஒரு டின்தான் தருவேன் என்றார். பூரியை நிறுத்தினேன். வடையைச் சின்னதாக்க மனசு வரவில்லை, ஒரு ரூபாய் ஏற்றினேன், அதற்கே ஆள் குறைந்தது. பெரிய ஓட்டல்காரர் ஏற்றினால் பில்லில் தெரியாது, என் கடையில் தெரியும்.

வெளிநாட்டு எண்ணெயே வராமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு அந்த ரெண்டு மாதம் போதும். வரியை ஏற்று என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். சம்பளத்தில் பாதி சாப்பாட்டுக்கே போகிற குடும்பம்தான் அந்த வரியை முதலில் கட்டுகிறது. விவசாயிக்கு உதவ வேண்டும், மறுக்கவே இல்லை, ஆனால் அது கூலிக்காரர் வாணலியில் இருந்து எடுத்துக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. அரசு தன் கையில் இருந்து கொடுக்கட்டும்.

இன்னொன்று தம்பி. கடலெண்ணெய் என்று பாக்கெட்டில் கடலைப் படம் பெரிதாகப் போட்டு, பின்னால் பொடி எழுத்தில் கலப்பு எண்ணெய் என்று போட்டு விற்கிறார்கள். முழு விலை கொடுக்கத் தயாராக இருக்கிற ஆளுக்கும் சுத்தமான சரக்கு கிடைக்கவில்லை என்றால் உங்கள் கடலைக்கு எங்கிருந்து விலை வரும்? அதைப் பிடிப்பதற்கு எந்த நாட்டோடும் ஒப்பந்தம் தேவையில்லை.

பொருளியல் ஆசிரியர், திருச்சி

நல்ல கேள்வி, ரெண்டு பதிலுமே சரியான இடத்தைத் தொட்டிருக்கின்றன. கல்லூரியில் இதைத்தான் பாடமாக எடுக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தடையற்ற வர்த்தகத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் இந்த விஷயத்தில் மிக வலுவானது. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனையில் வருடம் சுமார் 4 டன் எண்ணெய் கிடைக்கும். கடலையில் ஒரு டன் கிடைத்தாலே பெரிது. நம்மிடம் இருக்கிற நிலமும் தண்ணீரும் இவ்வளவுதான், 140 கோடிப் பேருக்கு வேண்டிய எண்ணெய் முழுவதையும் நாமே விளைவிக்கப் போனால் நெல்லோ பருப்போ குறையும். மலிவாக விளைகிற இடத்தில் இருந்து வாங்கி, நமக்கு நன்றாக வருவதை விற்பது நாட்டுக்கு மொத்தத்தில் லாபம். இது புத்தகக் கதை இல்லை, மதுரை அம்மாவின் டின் விலையில் இருக்கிறது.

ஆனால் மொத்தத்தில் லாபம் என்பதற்குள் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. லாபம் 30 கோடிக் குடும்பங்களுக்குப் பிரிகிறது, ஒவ்வொருவருக்கும் மாதம் நூறு, இருநூறு. நட்டம் எண்ணெய் வித்து போடுகிற குடும்பங்கள் மேல் மட்டும் மொத்தமாக விழுகிறது, அதுவும் பெரும்பாலும் மானாவாரி நிலத்தில், வேறு பயிருக்கு மாற வழியில்லாத ஆட்கள் மேல். லாபம் அடைந்தவர்களிடம் இருந்து கொஞ்சம் எடுத்து நட்டப்பட்டவர்களுக்குக் கொடுத்தாலும் எல்லாருக்கும் மிச்சம் இருக்கும் என்பதுதான் அந்த வாதத்தின் இரண்டாம் பாதி. நம் நாட்டில் முதல் பாதியை 1994இல் நிறைவேற்றினார்கள். இரண்டாம் பாதிக்கு இன்னும் யாரும் சரியாக வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு 1.3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் எண்ணெய் இறக்குமதி செய்கிறோம். சராசரியாக 10% வரி கிடைத்தது என்று வைத்தாலும் 13,000 கோடி. எண்ணெய் வித்துகளுக்காக 2024இல் மத்திய அரசு அறிவித்த தேசிய இயக்கத்தின் தொகை 10,103 கோடி, அதுவும் ஏழு வருடத்துக்குச் சேர்த்து. ஒரே வருடத்தில் அந்த எண்ணெய் மேல் வசூலிப்பதைவிடக் குறைவான தொகையை ஏழு வருடத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறோம்.

வரி மட்டும் போதுமா என்றால் போதாது, அதற்கு 2024ஏ சாட்சி. செப்டம்பரில் வரியை 27.5க்கு ஏற்றிய பிறகும் சோயா விலை அந்தப் பருவம் முழுக்க ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 4,892 ரூபாய்க்குக் கீழேயே கிடந்தது. காரணம், சோயாவில் எண்ணெய் 18இல் இருந்து 20 சதவீதம்தான், மீதி புண்ணாக்கு. எத்தனால் ஆலைகளில் இருந்து வரும் தானியச் சக்கை மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் புண்ணாக்கு விலை விழுந்தது, வித்து விலையும் கூடவே விழுந்தது. ஒரு பக்கம் வரியால் தூக்கினால் இன்னொரு பக்கம் அரசின் வேறொரு கொள்கையே இழுக்கிறது. கதவை அடைத்தால் சந்து வழியாக வருவதும் நடக்கும். நேபாளத்தில் சோயாவோ எண்ணெய்ப்பனையோ சொல்லும்படி கிடையாது, ஆனால் வரி ஏறியதும் அங்கிருந்து சுத்திகரித்த எண்ணெய் இந்தியாவுக்குள் பெருகியது, தெற்காசிய ஒப்பந்தப்படி வரி இல்லாமல்.

உலக வர்த்தக அமைப்பு கையைக் கட்டிவிட்டது என்று ஒரு பேச்சு இருக்கிறது, இந்த விஷயத்தில் அது பாதிதான் உண்மை. சோயா எண்ணெய்க்கு 45%க்கு மேல் போவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம், பாமாயிலுக்கு ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 300%. அப்புறம் 2010இல் இருந்து தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு போட்ட ஆசியான் ஒப்பந்தத்தில் பாமாயிலுக்கான வரம்பைப் படிப்படியாக நாமே குறைத்துக்கொண்டோம். அதற்குப் பின்னும் இடம் நிறைய இருக்கிறது. அதை எந்தத் திட்டத்தோடு பயன்படுத்துவது என்பதில்தான் குழப்பம்.

கிள்ளான் தமிழன்

வணக்கம், மலேசியாவில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் பாமாயில் என்பது எங்களுக்குச் செம்பனை. என் தாத்தா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர், அப்பா செம்பனைக் குலை அறுத்தவர். ரப்பர் விலை படுத்ததும் தோட்டத்து நிர்வாகங்கள் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டன, அதற்கு ஆள் குறைவாகப் போதும், பிறகு நிறையத் தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. எங்கள் ஆட்கள் பட்டணத்து ஓரத்துக்கு வந்தார்கள், கையில் தோட்ட வேலையைத் தவிர வேறு தொழில் இல்லாமல். இப்போது தோட்டங்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசத்தில் இருந்து வருகிறவர்கள். கோவிட் சமயம் எல்லை மூடியபோது அவர்கள் வர முடியாமல் குலைகள் மரத்திலேயே பழுத்து விழுந்தன, உலக விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் சொல்ல வருவது, இந்த வியாபாரத்தில் ஜெயித்த நாடு என்று எங்களைச் சொல்வீர்கள். நாடு ஜெயித்தது உண்மை. அதற்குள் தோற்ற ஆட்களும் உண்டு, அவர்களைக் கவனிக்கும் வேலையை அரசு பல காலம் செய்யவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். உலகத்துக்கே எண்ணெய் விற்கிற எங்கள் நாட்டிலும் ஒரு கிலோ பாக்கெட் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு அரசு மானியத்தில் கிடைக்கிறது. ஏற்றுமதி வரி வேறு இருக்கிறது, உலக விலை ஏற ஏற அந்த வரியும் ஏறும். ஆக, விற்கிற அரசும் சந்தையைச் சும்மா விடவில்லை, வாங்குகிற அரசும் விடவில்லை. இதில் தடையற்ற வர்த்தகம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

பொள்ளாச்சி தென்னை

எல்லாரும் கடலை, சோயா என்கிறீர்கள், தென்னையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023இல் கொப்பரை கிலோ 80 ரூபாய்க்கும் கீழே போனது, ஆதரவு விலை 108 ரூபாய் 60 காசு. கமிட்டியில் அரசுக் கொள்முதல் நடந்தது, ஆனால் ஒரு விவசாயிக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்தார்கள், மிச்சத்தை வெளியில் கிடைத்த விலைக்குத் தள்ளினோம். அப்போதெல்லாம் ரோட்டில் தேங்காய் உடைத்துப் போராட்டம் செய்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ரேஷனில் பாமாயிலை நிறுத்து, தேங்காய் எண்ணெய் கொடு.

2025இல் பார்த்தால் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டிவிட்டது. விவசாயி சந்தோஷமாக இருப்பான் என்று நினைப்பீர்கள். மரத்தில் காய் இருந்தால்தானே? 2016இல் வெள்ளை ஈ இங்கேதான் முதலில் பிடித்தது, அப்புறம் வேர்வாடல் நோய், ஆயிரக்கணக்கில் மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறோம். விலை இருந்தபோது காய் இல்லை, காய் இருந்தபோது விலை இல்லை.

ஆசிரியர் சொன்ன வரிக் கணக்கு எனக்கு மனசில் தைத்துவிட்டது. வெளிநாட்டு எண்ணெய் மேல் வாங்குகிற வரியில் ஒரு பங்கு நோய் ஆராய்ச்சிக்கும் புதுக் கன்றுக்கும் வந்திருந்தால் இந்த நிலைமையே வேறு. இறக்குமதி எங்களைக் கெடுத்தது பாதி, எங்களைக் கவனிக்காமல் விட்டது மீதிப் பாதி.

ஆனாலும் ரேஷன் கோரிக்கையை நான் விட மாட்டேன். தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை 2 கோடிக்கு மேல். இவ்வளவு பெரிய வாங்குபவன் மாநில அரசு, அது டெண்டர் விட்டு வெளிநாட்டு எண்ணெயை வாங்கி மானியம் கொடுக்கிறது. நம் வரிப்பணம் எந்த ஊர் விவசாயிக்குப் போகிறது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

மன்னார்ப் பெடியன்

இலங்கையில் இருந்து ஒரு அனுபவம். தடை போடுங்கோ என்று யோசிக்கிறவை இதை ஒருக்கா வாசியுங்கோ.

2020இல் எங்கட அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினது. உள்ளூர் விவசாயி முன்னேறட்டும், டொலரும் மிச்சமாகட்டும் என்று சொன்னவை. நல்ல எண்ணம்தான். ஆனா நாட்டுக்குத் தேவையான மஞ்சள் உள்ளுக்குள்ள விளையேல்ல, மஞ்சள் நட்டுக் கிண்டி எடுக்க ஒன்பது பத்து மாதம் வேணும். விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறினது, சனம் கறிக்கு மஞ்சள் போடாமல் சமைச்சது, கடையில் விற்ற மஞ்சள் தூளில் மா கலந்து பிடிபட்டது. அதே நேரம் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் இருந்து ஈரோட்டு மஞ்சள் மூட்டை மூட்டையாப் படகில் வந்தது. கடற்படை பிடிச்சது கொஞ்சம், வந்து சேர்ந்தது கனக்க. உள்ளூரில் மஞ்சள் நட்ட சில பேருக்கு நல்ல காசு கிடைச்சது, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனா ஆகக் கூடின லாபம் கடத்தினவைக்குத்தான்.

2021 ஏப்ரலில் பாமாயில் இறக்குமதிக்கும் தடை வந்தது, அதுக்குப் பின்னால ரசாயன உரத்துக்கும். உரத்தடையால வயல் விளைச்சல் விழுந்து, அந்த வருசம் முடிய முன்னமே அதைத் திரும்ப எடுத்தவை. ஒரு பயிரைப் பாதுகாக்கிறது என்றால் முதல் விதை, பிறகு விளைச்சல், கடைசியாத்தான் தடை. எங்கட ஆக்கள் கடைசியில் செய்யவேண்டியதை முதல் செய்தவை.

திண்டிவனத்துக்காரன்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. பொள்ளாச்சி அண்ணன் சொன்ன ரேஷன் விஷயத்தைக் கடலைக்குப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அட்டைக்கு ஒரு லிட்டர் வீதம் மாதம் 2 கோடி லிட்டர் என்றால் வருடம் 24 கோடி லிட்டர், சுமார் 2.2 லட்சம் டன் எண்ணெய். வேர்க்கடலைப் பருப்பில் 45% எண்ணெய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 5 லட்சம் டன் பருப்பு, தோலோடு 7 லட்சம் டன் காய். தமிழ்நாட்டில் நல்ல வருடத்தில் விளைவதே சுமார் 10 லட்சம் டன். அப்படி என்றால் ஒரேயடியாக மாற்றினால் சந்தையில் கடலையே இருக்காது, மதுரை அக்கா சட்னிக்கு எங்கே போவார்? செலவும் பார்த்தேன், லிட்டருக்கு 50 ரூபாய் கூடுதல் மானியம் என்றாலே வருடம் 1,200 கோடி. தேங்காய் எண்ணெய் விற்கிற விலையில் அது பல மடங்கு.

அதனால் முழுசாக மாற்றச் சொல்வதற்குப் பதில், அறுவடை முடிந்து விலை விழுகிற ரெண்டு மாதம் மட்டும், கடலை விளைகிற விழுப்புரம், திருவண்ணாமலை மாதிரி மாவட்டங்களில் மட்டும் ரேஷனில் கடலெண்ணெய் கொடுத்தால் என்ன? பாமாயில் வேண்டும் என்கிறவர்களுக்கு அதுவும் இருக்கட்டும். கமிட்டியில் அரசு ஒரு வாங்குபவராக வந்து நின்றாலே மற்றவர்கள் கேட்கிற விலை மாறும்.

மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. இதை மனுவாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். வரியைப் பற்றியும் எழுதலாமா?

எண்ணெய் மொத்த வியாபாரி, சென்னை

கணக்கு சரிதான் தம்பி. ஒன்று சேர்த்துக்கொள். உன் கடலைக்கு இப்போது ஆயில் மில் மட்டும் கிராக்கி இல்லை, சாப்பிடும் பருப்பாக ஏற்றுமதி ஆவதுதான் நல்ல விலை. நம் நாட்டுக் கடலையை அதிகம் வாங்குகிறவர்களில் முதல் வரிசையில் இருப்பது இந்தோனேசியா, நமக்குப் பாமாயில் அனுப்புகிற அதே நாடு. அவர்களுக்கு நாம் முழுசாகக் கதவை அடைத்தால் அவர்கள் நமக்கு அடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடைக்காமலே 2025இல் பூஞ்சை நச்சு அதிகம் என்று சொல்லி நம் கடலையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். அஃப்ளாடாக்சின் என்பார்கள், பிடுங்கிய காயைச் சரியாகக் காயவைக்காமல் ஈரத்தோடு மூட்டை கட்டினால் வருவது. ரோட்டில் காயவைக்கிறோம், மழை வந்தால் தார்ப்பாய்தான். கமிட்டிதோறும் உலர்களமும், ஈரப்பதம் பார்க்கும் கருவியும், நச்சு பரிசோதிக்க மாவட்டத்துக்கு ஒரு ஆய்வகமும் கேள். ரெண்டு பட்டத்தில் விலையில் வித்தியாசம் தெரியும்.

மதுரை மெஸ்

தம்பி, பாமாயிலும் இருக்கட்டும், கடலெண்ணெயும் கொடுங்கள் என்று எழுதுகிறீர்கள் பாருங்கள், அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போடுவேன். வரி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. கலப்பட எண்ணெயையும் மறக்காமல் எழுதுங்கள்.

பொருளியல் ஆசிரியர், திருச்சி

மனுவில் வரியை எழுதினால், அது மத்திய அரசின் அதிகாரம், இங்கே முடிவெடுக்க முடியாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், மற்ற கோரிக்கைகளும் அதோடு சேர்ந்து மூலைக்குப் போகும். சுங்க வரி மத்திய அரசு, ரேஷனில் என்ன எண்ணெய் என்பது மாநில அரசு, கமிட்டி உலர்களம் வேளாண் விற்பனைத் துறை, கலப்படம் உணவுப் பாதுகாப்புத் துறை. அதனால் ரேஷன் கடலெண்ணெய் சோதனைத் திட்டம், உலர்களம், கலப்படச் சோதனை மூன்றையும் தனித்தனிப் பத்தியாக, எந்தத் துறைக்கு என்று தலைப்பிட்டு எழுதுங்கள். கணக்கைப் பின்னால் ஒரு தாளில் இணையுங்கள். வரிக்குத் தனியாக உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம், அதில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: விதைப்புக்கு முன் அறிவிக்கிற வரியை அறுவடை முடிந்து சரக்கு விற்கும்வரை மாற்றக் கூடாது.

வரைவை இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.